அம்மன் மேளம் நிறுத்தம்

ஏப்ரல் 18, சனி

ஃப்ரிட்ஜ் மறுபடியும் அடியில் தண்ணீர் விடுகிறது. எழுந்ததும் பழந்துணியை எடுத்துத் துடைப்பதுதான் இப்போதெல்லாம் முதல் வேலை. இவர் டூட்டிக்குக் கிளம்பும்போது சர்வீஸ்காரனுக்கு ஒரு போன் போடு என்று சொல்லிவிட்டுப் போனார். பஸ் ஓட்டுகிறவருக்குக் கை ஒழியாதாம். ஆறு ஸ்கிரீனுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற எனக்கு ஒழியுமாம்.

நேற்று ஆபீசில் எனக்கு நல்ல நாள், எழுதி வைக்க வேண்டும். 'கண்கூடு' சேனலில் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அதற்கு முன் பத்தொன்பது வருடம் ஒரு பத்திரிகையில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். அங்கே ஆள் குறைத்தபோது தயாளன் சார்தான் கூப்பிட்டு, உங்களுக்குத் தமிழ் வரும், தலைப்பு மட்டும் வையுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார். வந்த புதிதில் எல்லா வீடியோவையும் சத்தத்தோடு போட்டுப் பார்ப்பேன். சார் ஸ்பீக்கரைப் பிடுங்கிவிட்டார். போனில் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் பஸ்ஸிலும் ஆபீசிலும் சத்தமில்லாமல்தான் பார்க்கிறார்களாம். நாமும் அப்படிப் பார்த்தால்தான் அவர்கள் கண்ணில் எது படும் என்று தெரியுமாம். சொன்னது சரியாகத்தான் இருக்கிறது. அறையும் அமைதியாக இருக்கிறது.

நல்லமங்கலத்தில் பொன்னழகி அம்மன் சப்பரம் புறப்பாடு. அந்த ஊரிலிருந்து செய்தி அனுப்புகிற பொன்ராஜ் நாலு நிமிட வீடியோ ஒன்றும், வழக்கம்போல ஒரு வாய்ஸ் நோட்டும் அனுப்பியிருந்தான். இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. அவன் வாய்ஸ் நோட்டைக் கேட்க உட்கார்ந்தால் அன்றைக்கு வேறு வேலை ஓடாது. வீடியோவை மட்டும் ஓடவிட்டேன். சப்பரம் வருகிறது. பின்னால் பச்சை மினார். ரிப்பேர் கடையிலிருந்து தொப்பி போட்ட ஒரு பெரியவர் இறங்கி வந்து வலது கையை உயர்த்துகிறார். தவில்காரர் கை நிற்கிறது, நாதஸ்வரக்காரர் வாயிலிருந்து எடுத்துவிடுகிறார். அந்த இடத்தில் வெட்டினேன். இருபத்திரண்டு விநாடி வந்தது.

'பள்ளிவாசல் முன்பு அம்மன் மேளம் நிறுத்தம்! யார் கொடுத்த தைரியம்?'

பக்கத்து சீட் ஸ்டெல்லா பெரியவர் கையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டாள். போடுவதற்கு முன், என்ன ஏதென்று பொன்ராஜிடம் கேட்டுக்கொள்ளலாமா அக்கா என்றாள். தலைப்பில் கேள்விக்குறி வைத்திருக்கிறேனே, நாம் கேள்விதானே கேட்கிறோம் என்றேன். நான் பேக்கைத் தூக்கும்போதே ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். தயாளன் சார் எழுந்து வந்து, அங்கயற்கண்ணி மேடம்தான் இன்னைக்கு ஹீரோ என்றார். இந்த ஆபீசில் என் முழுப் பெயரை ஒருவர் சொல்லிக் கேட்டது நேற்றுதான், மற்ற நாளெல்லாம் வெறும் கயல்.

ஏப்ரல் 19, ஞாயிறு

மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இவர் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "இத பாத்தியா? சாமி போறப்ப மேளத்த நிறுத்தச் சொல்றான். நம்ம ரூட்டுலயே நடந்திருக்கு" என்றார். இவர் ஓட்டுவது நல்லமங்கலம் வழி போகிற பஸ்தான். டெப்போ குரூப்பில் வந்ததாம். இவரும் இரண்டு மூன்று குரூப்புக்கு அனுப்பிவிட்டாராம்.

நம் சேனல் பெயர் மூலையில் சின்னதாக இருந்தது. இவர் கவனிக்கவில்லை. ரசம் ஆறிக்கொண்டிருந்தது, சாப்பிடுங்கள் என்றேன்.

பார்த்தவர்கள் பன்னிரண்டு லட்சம்.

ஏப்ரல் 20, திங்கள்

பொன்ராஜ் காலையிலிருந்து நாலு தடவை கூப்பிட்டான். ஐந்தாவது தடவை எடுத்தேன். அந்தத் தலைப்பை யாரு வச்சதுக்கா என்று கேட்டான். டெஸ்க்கில் வைத்தது என்றேன். டெஸ்க் என்றால் நாலு பேர் உட்காருகிற இடம்தானே, அதில் பொய் என்ன இருக்கிறது?

"நாந்தான் அனுப்புனேன்ல, கேட்டீங்களாக்கா?" என்றான். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

தயாளன் சாரிடம் வீடியோவை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். எடுத்தால் தப்புச் செய்தோம் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்றார். தலைப்பிலிருந்து 'யார் கொடுத்த தைரியம்' என்பதை மட்டும் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். அதற்குள் நூறு பேர் இறக்கித் தங்கள் பக்கத்தில் போட்டுக்கொண்டுவிட்டார்கள். அவர்கள் தலைப்பில் தைரியம் அப்படியே இருக்கிறது.

ஏப்ரல் 21, செவ்வாய்

இவர் பஸ் இன்றைக்கு நல்லமங்கலத்துக்குள் போகவில்லை. போலீஸ் பைபாஸிலேயே திருப்பிவிட்டதாம். பயணிகள் இறங்கி வெயிலில் நடந்து போனார்களாம். ஒரு கர்ப்பிணிப் பெண்ணை மட்டும் பைக்கில் வந்த ஒருவர் ஏற்றிக்கொண்டாராம்.

கை உயர்த்திய பெரியவர் பெயர் காசிம் ராவுத்தர். மிக்சி, கிரைண்டர் பழுது பார்க்கிற கடை. வீடியோவில் அவர் தலைக்கு மேலே கடைப் போர்டு தெரிகிறது, போர்டில் போன் நம்பர் தெரிகிறது. நான் அதைப் பார்க்கவே இல்லை. எந்தெந்த ஊரிலிருந்தோ கூப்பிட்டுத் திட்டுகிறார்களாம். நேற்றுச் சாயங்காலம் அவரே ஸ்டூல் போட்டு ஏறிப் போர்டைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டாராம்.

பொன்ராஜைக் கடைத்தெருவில் சுற்றி வளைத்திருக்கிறார்கள். நம் ஊர் மானத்தை வெளியே வாங்கிவிட்டாயே என்று கோயில் பக்கத்து ஆட்களும் பள்ளிவாசல் பக்கத்து ஆட்களும் சேர்ந்தேதான் கேட்டிருக்கிறார்கள். தள்ளுமுள்ளில் போன் சாக்கடைக்கல்லில் விழுந்து நொறுங்கிவிட்டது. இதெல்லாம் ஸ்டெல்லா சொல்லித் தெரியும்.

பொன்ராஜ் ஒரு விளக்கம் அனுப்பியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. அவன் எந்த விளக்கமும் அனுப்பவில்லை.

ஏப்ரல் 22, புதன்

தயாளன் சார் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். சைபர் பிரிவிலிருந்து கேட்டிருக்கிறார்களாம். வக்கீலிடம் பேசிவிட்டாராம். ஊர் நிருபர் தவறான தகவல் கொடுத்தார், நாங்கள் நம்பிப் போட்டோம், அவரை நீக்கிவிட்டோம் என்று எழுதிக் கொடுக்கப்போகிறாராம். பொன்ராஜ் மேல்தான் வழக்கு வரும். பெரிதாக ஒன்றும் ஆகாது, பத்துப் பதினைந்து நாள் உள்ளே இருப்பான், ஜாமீன் எடுத்துக்கொள்ளலாம் என்றார், ஏதோ லீவு போடுகிற மாதிரி.

அவன் போன் உடைந்துவிட்டது. அவன் அனுப்பியது இப்போது என் போனில் மட்டும்தான் இருக்கிறது. சாருக்கும் அது தெரியும்.

"அந்த வாட்ஸ்அப் சாட்டை கிளியர் பண்ணிருங்க மேடம். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். தலைப்பு யாரு வச்சதுன்னு நான் எங்கயும் சொல்லல, சொல்லவும் மாட்டேன்" என்றார்.

அழிக்கவில்லை. வேலை இருந்தது, நேரமில்லை.

ஏப்ரல் 23, வியாழன்

நாளைக்கு 'நல்லிணக்கம் நேரலை' என்று ஒரு நிகழ்ச்சியாம். நம் பெயர் கெட்டுப்போகாமல் இருக்க வேண்டுமே. மூன்று மதத்திலிருந்தும் ஒருவர் வருவார், அவரவர் உடையில் வர வேண்டும், கேள்விகளை நீங்கள் தயார் செய்யுங்கள் என்றார் சார்.

உட்கார்ந்தேன். ஒரு கேள்விகூட வரவில்லை. பள்ளிவாசல் பக்கம் மேளம் வாசித்தால் என்ன என்று தேடினால் ஆயிரம் பதில் வருகிறது. ஒருத்தன் சொல்வதை அடுத்தவன் மறுக்கிறான், இரண்டு பேரும் ஆதாரம் காட்டுகிறார்கள். பதினோரு வருடமாக மெஹருன்னிசா எதிர்வீடு. ரம்ஜானுக்குக் கஞ்சி வரும், தூக்குவாளியைக் கழுவி அதில் சர்க்கரை போட்டுத் திருப்பிக் கொடுப்பேன். அந்த வீட்டில் நோன்பு திறக்கும்போது என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு தடவையும் கேட்டதில்லை. கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று இருந்தேன் என்றுதான் இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டும் என்றே தோன்றியதில்லை.

ஸ்டெல்லாவிடம், உங்கள் சர்ச்சும் பாலத்துக்குக் கீழே இருக்கிற சர்ச்சும் ஒன்றுதானே என்றேன். அவள் சிரித்துவிட்டாள். "ஒண்ணரை வருசமா பக்கத்துல உக்காந்திருக்கேன், இன்னைக்குத்தான் கேக்கணும்னு தோணிச்சாக்கா?" என்றாள். பிறகு ரொம்பப் பொறுமையாகச் சொன்னாள். பாதி புரிந்தது.

அதை விடுவோம், என் சாமி எனக்குத் தெரியுமா? அம்மன் எதற்காகக் கோயிலை விட்டு அந்தத் தெரு வழியாகப் போகிறாள்? அதுவும் தெரியவில்லை. சர்வமதமும் அறிந்தவள் மாதிரி தலைப்பு மட்டும் வைக்கத் தெரிந்திருக்கிறது.

ஃப்ரிட்ஜ்காரன் இன்றும் வரவில்லை.

ஏப்ரல் 24, வெள்ளி

நேரலை நாறிவிட்டது. ஐந்தாவது நிமிடத்தில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தார்கள். தயாளன் சார் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கட்டை விரலைக் காட்டினார், பார்ப்பவர்கள் ஏறுகிறார்கள் என்று. மூன்றாமவர் ஒரு சின்னப் பள்ளிவாசல் இமாம். வயது முப்பதுதான் இருக்கும். கடைசியில் தொகுப்பாளர் கேட்டபோது அவர் கேமராவைப் பார்க்காமல் எங்களைப் பார்த்துக் கேட்டார். "அந்த ஊர்க்காரங்க யாரையாச்சும் கூப்பிட்டீங்களா? மேளம் வாசிச்சவரையோ, கையத் தூக்குனவரையோ?"

ஒருவரும் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து கைகால் கழுவிவிட்டு, அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு அந்த வாய்ஸ் நோட்டைப் போட்டேன். ஏப்ரல் 18-இல் நானே எழுதியிருக்கிறேன், இரண்டு நிமிடம் நாற்பது விநாடி என்று. 21-இல் அவன் எந்த விளக்கமும் அனுப்பவில்லை என்று எழுதியிருக்கிறேன். இரண்டும் என் கையெழுத்துதான்.

அவன் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன். போன் தொலைந்தாலும் இது இருக்கட்டும்.

"கயலக்கா, நல்லா இருக்கீங்களா, சாரு நல்லா இருக்காரா. ஒரு வீடியோ அனுப்பியிருக்கேன். இது வருசா வருசம் நடக்குறதுதான், ஆனா வெளியில யாருக்கும் தெரியாது. கோயில்ல இருந்து பள்ளிவாசல் வர்றதுக்குள்ள ரெண்டு மணி நேரம் ஆயிரும்க்கா. மேளக்காரங்களுக்கு நாக்கு வறண்டுரும். காசிம் மாமா வீட்டுல பானகம் கரைச்சு வச்சிருப்பாங்க. அவரு கையத் தூக்குறாரு பாருங்க, அது 'போதும் மாப்ளே, குடிச்சிட்டு வாசிங்க'ன்னு. பானகம் குடிச்சுக்கிட்டே நாதஸ்வரம் ஊத முடியாதுல்ல, அதான் மேளம் நிக்குது. குடிச்சி முடிச்சிட்டு பள்ளிவாசலப் பாத்துத் திரும்பி நின்னு வாசிப்பாங்க பாருங்க, அதான்க்கா விசயம். ஊரு மொத்தமும் அதுக்குத்தான் நிக்கும். ரெண்டு சைடு ஆளும் நிக்கும். சாயங்காலத் தொழுகைக்குப் பாங்கு சொல்றதுக்கு முன்னாடி கரெக்டா முடிச்சிக்கிட்டுக் கிளம்பிருவாங்க. பத்து நாள் கழிச்சு அம்மன் கோயிலுக்குத் திரும்புறப்பவும் இதே மாதிரிதான். கடைசி மூணு நிமிசம் அந்த வாசிப்புதான் இருக்கு, அதக் கட் பண்ணிராதீங்கக்கா. தலைப்பு நீங்க நல்லா வைப்பீங்க, அதான் உங்களுக்கே அனுப்புறேன்."

கட் பண்ணிராதீங்கக்கா என்கிற இடத்தில் நிறுத்தினேன். பிறகு முழுசாகக் கேட்டேன். அதற்கப்புறம் நாலு நிமிட வீடியோவையும் சத்தத்தோடு போட்டுப் பார்த்தேன். வாசிப்பு எனக்கு ரொம்ப ஒன்றும் புரியாது. ஆனால் அந்தப் பெரியவர் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்கிறார். அவர் பக்கத்தில் சப்பரம் தூக்கி வந்த ஆட்கள் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் ஒரு ஊரை நாசம் பண்ணியிருக்கிறேன்.

ஏப்ரல் 25, சனி

லீவு சொல்லிவிட்டு இவர் பஸ்ஸிலேயே நல்லமங்கலம் போனேன். எதற்கு என்று கேட்டார். செய்தி விஷயம் என்றேன். பைபாஸில் இறங்கி இருபது நிமிடம் நடை. கடைத்தெருவில் ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு நடக்கிறார்கள். முக்குக்கு முக்கு போலீஸ். செவ்வாய்க்கிழமை அம்மன் கோயிலுக்குத் திரும்புகிற திரும்புகால் உண்டா இல்லையா என்பதுதான் எல்லார் வாயிலும். இந்தத் தெரு வழியாக விடக் கூடாது, வேறு வழியில் கொண்டுபோங்கள் என்று மேலிடத்தில் சொல்கிறார்களாம். அப்படி நடந்தால் இதுவரை இல்லாத வழக்கம் என்று டீக்கடையில் ஒருவர் சொன்னார்.

காசிம் ராவுத்தர் கடையில் இருந்தார். சின்ன உருவம், வீடியோவில் பெரிதாகத் தெரிகிறார். மிக்சி ஜாரைக் கவிழ்த்து வைத்துப் பிளேடு கழற்றிக்கொண்டிருந்தார். என்னம்மா ரிப்பேர் என்று கேட்டார். ஃப்ரிட்ஜ் என்று வாயில் வந்துவிட்டது. ஃப்ரிட்ஜ் நமக்கு வராதும்மா என்றார். அப்புறம்தான் 'கண்கூடு' சேனலிலிருந்து வருகிறேன் என்றேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஸ்டூலைத் தள்ளி உட்காரச் சொன்னார். பிளேடைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினார்.

"அந்தக் கைய நான் நாப்பது வருசமாத் தூக்குறேன் தாயி. அதுக்கு முன்ன எங்க அத்தா தூக்குனாரு. இப்ப கடைக்கு வர்றவுங்களுக்கு வணக்கம் வைக்கக்கூடக் கை மேல வரமாட்டேங்குது."

நேரில் வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று மட்டும் கேட்டார். முப்பத்தெட்டு கிலோமீட்டர்தானே, பஸ் இருக்கிறதே என்றார். செவ்வாய்க்கிழமை அம்மன் இந்த வழியாக வர வேண்டும், அது ஒன்றுதான் அவருக்கு. திட்டுகிறவன் திட்டிவிட்டுப் போகட்டும், குருமூர்த்தி வந்து ஒரு வாய் பானகம் குடித்துவிட்டு வாசித்துவிட்டானென்றால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். குருமூர்த்தி என்பவர் அந்த நாதஸ்வரக்காரர். தினமும் இரண்டு வேளை இந்தக் கடை வாசலில் வந்து உட்காருகிறவர், ஐந்து நாளாக வரவில்லையாம். வரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையாம். அவனுக்கே கூச்சம் என்றார் ராவுத்தர்.

தலைப்பு வைத்தது நான்தான் என்று சொல்லத்தான் போனேன். கடையில் ஆட்கள் இருந்தார்கள். சொல்ல முடியவில்லை.

ஏப்ரல் 26, ஞாயிறு

திருத்தம்: நேற்று கடையில் ஆட்கள் இருந்ததாக எழுதியிருக்கிறேன். யாரும் இல்லை.

இவரிடம் இன்று சொல்லிவிட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்தார். நீயா என்றார். நான்தான் என்றேன். "நான் யார் யாருக்கு அனுப்புனேன்னு எனக்கே ஞாபகம் இல்ல கயல்" என்றார். போனை எடுத்து ஒவ்வொரு குரூப்பாகத் தேடினார். பதினாலு இருந்தது. எல்லாவற்றிலும் 'இது பொய், யாரும் நம்ப வேண்டாம்' என்று டைப் செய்து போட்டார். ஒரு ஆள் மட்டும் பதில் போட்டிருந்தான்: எவ்வளவு வாங்கினாய் என்று.

நாலு நிமிட வீடியோவை முழுசாக, சத்தத்தோடு, பொன்ராஜ் சொன்னதையே எழுத்தாகக் கீழே ஓடவிட்டு, ஸ்டெல்லாவை வைத்துச் சேனலில் ஏற்றினேன். தயாளன் சாரிடம் கேட்கவில்லை. அரை மணி நேரத்தில் அவர் பார்த்து எடுத்துவிட்டார். அதுவரை பார்த்தவர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.

ஏப்ரல் 27, திங்கள்

தாலுகா ஆபீசில் அமைதிப் பேச்சுவார்த்தை. கோயில் தரப்பில் ஆறு பேர், ஜமாத்தில் ஆறு பேர், தாசில்தார், இன்ஸ்பெக்டர். பொன்ராஜ் ஓரத்தில் ஒரு போலீஸ்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். தயாளன் சாரின் வக்கீல் எழுதிய கடிதம் மேஜையில் இருந்தது.

கூப்பிடாமல் வந்து உட்கார்ந்திருந்த நான் யாரென்று கேட்டார்கள். எழுந்து நின்று, தலைப்பு வைத்தவள் நான், வெட்டியவள் நான், பொன்ராஜ் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லி அனுப்பியிருந்தான், நான் கேட்கவில்லை என்றேன். போனை மேஜையில் வைத்து வாய்ஸ் நோட்டைப் போட்டேன். பிறகு வீடியோ. வாசிப்பு ஓடும்போது கோயில் தர்மகர்த்தா கைக்குட்டையை எடுத்தார். குருமூர்த்தி எழுந்து இன்ஸ்பெக்டரிடம், "இதத்தான சார் ஒரு வாரமாத் தொண்டத்தண்ணி வத்தச் சொல்லிக்கிட்டு இருக்கோம்" என்றார். ராவுத்தர் என்னையே பார்த்தார். முந்தாநாள் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

பொன்ராஜை அங்கேயே விடுவித்துவிட்டார்கள். என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள், கூப்பிடும்போது ஸ்டேஷனுக்கு வர வேண்டும். அதற்கு நான் தயார்தான். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று ஒரு நிமிடம் நினைத்தேன்.

தாசில்தார் நல்ல மனுஷி. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்.

"எனக்கு நல்லாப் புரியுது. இந்த ரூமுல இருக்கிற எல்லாருக்கும் புரியுது. ஆனா இருபத்தாறு லட்சம் பேர் அதப் பாத்திருக்காங்க. நாளைக்கு வெளியூர்லேர்ந்து ரெண்டு பக்கமும் ஆளுக வர்றதா ரிப்போர்ட். ஒருத்தர் கையத் தூக்கி, மேளம் நின்னு, அங்க எவனாவது ஒரு கல்ல விட்டெறிஞ்சா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

உத்தரவைப் படித்தார். சப்பரம் அதே தெரு வழியாகப் போகலாம். பள்ளிவாசலுக்கு இந்தப் பக்கம் நூறு மீட்டர், அந்தப் பக்கம் நூறு மீட்டர் மேளம் வாசிக்கக் கூடாது. சப்பரம் நிற்கக் கூடாது. பானகமோ வேறெதுவோ யாரும் யாருக்கும் கொடுக்கக் கூடாது. தெருவாசிகள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்க வேண்டும். இந்த ஒரு வருடத்துக்கு மட்டும்தான் என்றார். அடுத்த வருடம் யார் தாசில்தாரோ, இந்த உத்தரவைப் பார்த்துத்தானே அவரும் எழுதுவார்.

இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டார்கள். ராவுத்தர் பேனாவை வாங்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். குருமூர்த்தி, "போடுங்க மாமா" என்றார். போட்டார்.

வெளியே வந்தபோது பொன்ராஜ் வேப்பமரத்தடியில் நின்றிருந்தான். சாப்பிட்டாயா என்று கேட்டேன். "கேட்டிருந்தீங்கன்னா நல்லாருந்திருக்கும்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

ஏப்ரல் 28, செவ்வாய்

வேலை போயிற்று. காலையில் மெசேஜ் வந்தது, இரண்டு வரி.

சாயங்காலம் நானும் இவரும் நல்லமங்கலத்தில் தெரு முக்கில் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றோம். ஐந்தேகாலுக்கு அம்மன் வந்தாள். நூறு மீட்டர் கோட்டில் சுண்ணாம்பு போட்டிருந்தார்கள். அது வந்ததும் குருமூர்த்தி நாதஸ்வரத்தைத் துணியில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். தவில்காரர் கையைக் கட்டிக்கொண்டார். சப்பரம் தூக்கியவர்களின் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. இரு பக்கமும் கதவுகள் சாத்தியிருந்தன. ராவுத்தர் வீட்டு ஜன்னலில் பாதிக் கதவு திறந்திருந்தது. உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது, சட்டையா தொப்பியா என்று தெரியவில்லை. ஒரு போலீஸ்காரர் லத்தியால் தட்டினார், அதுவும் சாத்திக்கொண்டது. சப்பரம் நிற்காமல் போய்விட்டது. எல்லாம் சேர்த்து மூன்று நிமிடம்கூட இருக்காது.

கல் விழவில்லை. கலவரம் இல்லை. வெளியூர் ஆட்கள் என்று யாரும் வரவுமில்லை. இன்ஸ்பெக்டர் வாக்கி டாக்கியில் அமைதியாக முடிந்தது என்று சொல்வது கேட்டது.

பாங்கு சொல்ல இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அதுவரை வாசிக்க நேரம் இருந்தது.

ஏப்ரல் 29, புதன்

காலையில் இவர் போனைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். வேறு ஏதோ ஒரு சேனல். நேற்றைய சப்பரம், சாத்திய கதவுகள், கக்கத்தில் நாதஸ்வரம். மேலே, 'பள்ளிவாசல் முன்பு அம்மன் மேளம் நிறுத்தம்'.

பத்தொன்பது வருடப் பழக்கம், கண் தானாகவே பிழை தேடியது. ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தேன். சத்தத்தைக் கூட்டி வைத்து முழு வீடியோவையும் இரண்டு தடவை பார்த்தேன். எங்கேயும் வெட்டவில்லை. தலைப்பில் ஒரு பிழையும் இல்லை.